கொடுத்த விதையை ஒருவர் பூட்டிவிட்டால்?

போன வருசம் எங்கள் வட்டாரத்தில் நடந்த விதைத் திருவிழாவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். கருப்புக்கவுனி, தூயமல்லி, காட்டுயானம் என்று மூன்று ரகம். ஆளுக்கு 2 கிலோ. நெல் ஜெயராமன் ஐயா திருத்துறைப்பூண்டியில் பழக்கிவிட்ட அதே வழக்கம்தான்: 2 கிலோ வாங்கினால் அடுத்த வருசம் 4 கிலோ திருப்பித் தரவேண்டும். காட்டுயானம் வாங்கிய பெரியவர் ஒருவர் பையின் வாயைக் கட்டாமல் அப்படியே நின்றார்.

"தம்பி, நாம இப்படிக் கைக்குக் கை குடுத்துக்கிட்டே போறோம். நாளைக்கு எவனாவது இதைக் கொண்டுபோய் லேசா மாத்தி, தன் பேர்ல பதிவு பண்ணிக்கிட்டு, 'இது என் ரகம், காசைக் குடு'ன்னு நம்மகிட்டயே வந்தா என்ன பண்றது?"

"சட்டம் இருக்குங்க ஐயா" என்றேன்.

"சட்டம் இருக்கு. யாரு போயி கேக்குறது? எதைக் காட்டிக் கேக்குறது?"

எனக்குப் பதில் வரவில்லை. பக்கத்து மேசைக்காரரும் சிரித்தபடி தலையை ஆட்டினார். ராத்திரி வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது. இதே கேள்வியை வேறொரு கூட்டம் முப்பது வருசமாகக் கேட்டுவருகிறது, கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. விவசாயத்துக்கு வருவதற்குமுன் 11 வருசம் நான் சம்பளம் வாங்கியது அந்தத் துறையில்தான். சாஃப்ட்வேர்.

சாஃப்ட்வேர் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நெல்லை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு மென்பொருளுக்கு இரண்டு வடிவம் உண்டு. மனிதர் எழுதிய வடிவம் ஒன்று. அதை மூல நிரல் என்பார்கள். படிக்கலாம், திருத்தலாம். அதை அரைத்து எந்திரத்துக்குப் புரிகிற மாதிரி ஆக்கிய வடிவம் இன்னொன்று. மூல நிரல் விதைநெல் என்றால், மற்றது அரிசி. அரிசியைப் பொங்கித் தின்னலாம், முளைக்க வைக்க முடியாது. பெரும்பாலான கம்பெனிகள் அரிசியை மட்டும் விற்றுவிட்டு விதைநெல்லைப் பத்தாயத்தில் பூட்டிவைத்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் எம்ஐடி என்ற பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கே வந்த ஒரு பிரின்டர் அடிக்கடி காகிதம் சிக்கி நின்றது. சரிசெய்ய மூல நிரலைக் கேட்டார். தரமாட்டோம் என்றார்கள். அந்த எரிச்சலும் சேர்ந்து, 1983ல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய, திருத்தக்கூடிய மென்பொருள்களை எழுதும் இயக்கம் ஒன்றை அறிவித்தார். 1989ல் அதற்கு ஒரு உரிமப் பத்திரம் எழுதினார். அதன் பெயர் ஜிபிஎல். சாரம் நமக்குப் பழகியதுதான். எடுத்துக்கோ, மாத்திக்கோ, விற்றுக்கூட காசு பார். ஆனால் அடுத்தவருக்கு அரிசியாகக் கொடுத்தால் விதைநெல்லையும் சேர்த்துக் கொடு. நீ எந்த உரிமையோடு வாங்கினாயோ அதே உரிமையோடு கொடு. உன் வீட்டுக்குள்ளேயே பொங்கித் தின்றால் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

2 கிலோவுக்கு 4 கிலோ மாதிரிதான். ஒரே வித்தியாசம், ஸ்டால்மன் அதற்குச் சட்டத்தில் ஒரு ஆணி அடித்தார். மென்பொருளுக்கு எழுத்து, கதை போலக் காப்புரிமை உண்டு. எழுதியவர் அனுமதி இல்லாமல் யாரும் நகல் எடுக்கக் கூடாது. ஜிபிஎல் என்பது அந்த அனுமதி. நிபந்தனையை மீறினால் அனுமதி போச்சு. அனுமதி போனால் நீ வெறும் திருட்டு நகல்காரன். வேலி போடுவதற்காகப் போட்ட சட்டத்தை வைத்தே, யாரும் வேலி போட முடியாதபடி செய்துவிட்டார். லினக்ஸ் என்ற மென்பொருள் 1992 முதல் இந்த உரிமத்தில் இருக்கிறது. உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அதுதான்.

சரி, நல்ல மனசுக்காரர்கள் எழுதிவைத்த காகிதத்தை யார் மதிப்பார்கள் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எங்கள் ஆபீசுக்கு ஒரு கடிதம் வரும்வரை.

அப்போது நான் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தேன். டிவிக்குப் பக்கத்தில் வைக்கிற செட்டாப் பாக்ஸுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிற வேலை. வெளிநாட்டிலிருந்து இரண்டு பக்கக் கடிதம். "உங்கள் பெட்டிக்குள் லினக்ஸும் பிஸிபாக்ஸும் இருக்கின்றன. இரண்டும் ஜிபிஎல். பெட்டியை வாங்கியவருக்கு மூல நிரல் எங்கே?" அவ்வளவுதான். காசு கேட்கவில்லை. எங்கள் மேலாளருக்குச் சிரிப்புதான் வந்தது. "சும்மா கிடைக்கிறதுதானே, இதுக்கு என்ன கேள்வி?" என்றார். வக்கீல் படித்துவிட்டு வந்தபிறகு அவர் சிரிக்கவில்லை. பதில் சொல்லாவிட்டால் அந்தப் பெட்டிகளை விற்பதையே கோர்ட் நிறுத்தலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கடையில் ஒரு பெட்டி வாங்கி, திறந்து, உள்ளே இருந்ததை அப்படியே உருவி எடுத்திருக்கிறார்கள். பிஸிபாக்ஸ் தன் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு வரியாக உள்ளே வைத்திருக்கும். எங்கள் ஆட்கள் அதை அழிக்கக்கூட இல்லை. அழிக்க வேண்டும் என்று தோன்றாத அளவுக்கு அலட்சியம்!

மூன்று வாரம் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே. திருப்பிக் கொடுக்க எங்களிடமே விதைநெல் இல்லை. சிப் விற்ற வெளிநாட்டுக்காரர் எங்களுக்கு அரிசியாகத்தான் கொடுத்திருந்தார். அவரைக் கேட்டால் தனக்கு எழுதிக்கொடுத்த இன்னொரு கம்பெனியைக் கைகாட்டினார். கடைசியில் வேலையை விட்டுப் போன ஒருவரின் பழைய கம்ப்யூட்டரில் பாதியும், சிப்காரரிடம் சண்டை போட்டு மீதியும் கிடைத்தன. எல்லாவற்றையும் பொதுவில் வைத்தோம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுக் காகிதம் போட்டோம். கடிதம் எழுதியவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கம்பெனியில் ஒரு கணக்கு வைத்தார்கள்: எந்த மென்பொருளை எடுத்தோம், யாரிடமிருந்து, என்ன உரிமம், எந்தத் தேதி. கடைசி மூன்று வருசம் அந்தப் பேரேட்டை எழுதியது நான்தான். ரொம்பச் சலிப்பான வேலை.

எங்கள் கதை கடிதத்தோடு முடிந்தது. எல்லாம் அப்படி முடியவில்லை. ஜெர்மனியில் ஹரால்ட் வெல்டே என்பவர் லினக்ஸில் ஒரு பகுதியை எழுதியவர். அதைத் தன் கருவிகளில் போட்டு விற்றுக்கொண்டு, உரிமத்தை மதிக்காத சைட்காம் என்ற கம்பெனியை 2004ல் மியூனிக் கோர்ட்டுக்கு இழுத்தார். ஏப்ரலில் விற்பனைக்குத் தடை. மே மாதம் அந்தத் தடையை கோர்ட் உறுதிசெய்தது. சும்மா கொடுத்த பொருளின் நிபந்தனையும் சட்டப்படி செல்லும் என்று அன்றைக்குத் தெரிந்தது. பிஸிபாக்ஸ் எழுதியவர்கள் 2007ல் அமெரிக்காவில் வழக்குகளை ஆரம்பித்தார்கள். 2010ல் வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் என்ற டிவி கம்பெனி கோர்ட்டுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் விட்டதில், 90,000 டாலர் நஷ்டஈடும், உரிமத்தை மீறிய டிவிகளை ஒப்படைக்கச் சொல்லியும் தீர்ப்பு வந்தது.

இப்படிக் கேட்டதால் என்ன விளைந்தது என்பதற்கு லிங்க்சிஸ் கதை. வீடுகளில் இன்டர்நெட்டைப் பகிர்ந்து கொடுக்கிற ரூட்டர் ஒன்றை அந்தக் கம்பெனி விற்றது. உள்ளே லினக்ஸ். 2003ல் எழுதியவர்கள் நெருக்கினார்கள்; மூல நிரல் வெளியே வந்தது. அந்த ஒரு பிடி விதைநெல்லிலிருந்து ஓபன்டபிள்யூஆர்டி என்ற பொது மென்பொருள் கிளைத்தது. இன்றைக்கு ஏராளமான கம்பெனிகளின் ரூட்டர்களில் அதைப் போட்டு ஓட்டலாம்.

ஆனால் பெரியவரின் பயத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துகிற வழக்கு வேறு. பொம்மை ரயில் வழக்கு. சிரிக்காதீர்கள், அமெரிக்காவில் பெரியவர்களே வீட்டில் தண்டவாளம் போட்டு ரயில் விடுவார்கள். ராபர்ட் ஜேக்கப்சன் என்ற இயற்பியல் பேராசிரியரும் நண்பர்களும் அந்த ரயிலை ஓட்ட மென்பொருள் எழுதி, வேறொரு திறந்த உரிமத்தில் சும்மா கொடுத்துவந்தார்கள். அதே தொழிலில் காசு பார்த்துக்கொண்டிருந்த மாத்யூ கேட்சர் என்பவர், நீங்கள் செய்வது என் பேடன்டுக்குள் வருகிறது என்று சொல்லி 2 லட்சம் டாலருக்கு மேல் கேட்டுக் கடிதம் அனுப்பினார். சும்மா கொடுத்தவரிடமே காசு! ஜேக்கப்சன் 2006ல் வழக்குப் போட்டார். தோண்டத் தோண்ட, கேட்சரின் மென்பொருளுக்குள் ஜேக்கப்சன் குழுவின் கோப்புகளே இருந்தன. எழுதியவர்கள் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்கிவிட்டுச் சேர்த்திருந்தார்கள்.

கீழ்க்கோர்ட் ஜேக்கப்சனைக் கைவிட்டது. உரிமத்தில் எழுதியிருப்பது வெறும் ஒப்பந்தப் பேச்சு, காப்புரிமை மீறல் இல்லை, தடை கிடையாது என்றது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. காசு வாங்காமல் கொடுத்தாலும் போட்ட நிபந்தனை நிபந்தனைதான். மீறினால் காப்புரிமை மீறல்தான் என்றது. பெயரைப் போடு, எதை மாற்றினாய் என்று சொல் என்று கேட்பதிலும் கொடுத்தவருக்குப் பொருளாதார நலன் உண்டு என்றும் சொன்னது. 2010ல் சமரசம். கேட்சர் 1 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டார். நாலு வருசம், பொம்மை ரயிலுக்காக. ஆனாலும் திறந்த உரிமம் என்ற பேச்சு வந்தால் வக்கீல்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

தோற்ற வழக்கையும் சொல்லவேண்டும். எனக்கு அதுதான் அதிகம் கற்றுக்கொடுத்தது. லினக்ஸில் நிறைய எழுதியவர் கிறிஸ்டோஃப் ஹெல்விக். விஎம்வேர் என்ற பெரிய கம்பெனி தன் பொருளில் லினக்ஸ் பகுதிகளைச் சேர்த்திருக்கிறது என்று 2015ல் ஹாம்பர்க் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 2016ல் தள்ளுபடி. லினக்ஸ் ஆயிரக்கணக்கானவர்கள் கை வைத்த பொதுச்சொத்து. அதில் எந்த வரி உன் வரி, அந்த வரி அவர்களின் பொருளில் எங்கே இருக்கிறது என்று நீ தெளிவாகக் காட்டவில்லை என்றது கோர்ட். 2019ல் மேல்முறையீடும் தோற்றது. அதன்பிறகு விஎம்வேர் அந்தப் பகுதியைத் தன் பொருளிலிருந்து எடுத்துவிடப்போவதாகச் சொன்னது வேறு விஷயம். நியாயம் இருந்தது, காட்ட முடியவில்லை. பெரியவர் கேட்டாரே, "எதைக் காட்டிக் கேக்குறது?" அதுதான் இது.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் லினக்ஸ் குழு ஒன்றின் முன்னாள் தலைவர்களில் ஒருவர், உரிமத்தை மீறிய கம்பெனிகளைத் தனித்தனியாக மடக்கிப் பணம் கறக்கிறார் என்று புகார் எழுந்தது. 2016ல் அவருடைய சொந்தக் குழுவே அவரைத் தள்ளிவைத்தது. அதற்கு முந்தைய வருசமே இரண்டு அமைப்புகள் சேர்ந்து நடைமுறை விதிகள் எழுதியிருந்தன: முதலில் பேசு, திருந்த வழி விடு, மூல நிரல் வெளியே வருவதுதான் குறிக்கோள், பணம் அல்ல, கோர்ட் கடைசி. எங்கள் ஆபீசுக்கு வந்த கடிதமும் இந்த வகைதான். மிரட்டியிருந்தால் எங்கள் மேலாளர் மிரட்டலோடு நின்றிருப்பார். பேசியதால் வேலை நடந்தது.

இதில் உழவர் எங்கே வருகிறார் என்றால், டிராக்டரில் வருகிறார். அமெரிக்காவில் ஜான் டீர் டிராக்டர்களைச் சொந்தக்காரரே பழுதுபார்க்க முடியாதபடி மென்பொருள் பூட்டு இருப்பதாக அங்குள்ள விவசாயிகள் பல வருசமாகப் போராடுகிறார்கள். அறுவடை நேரத்தில் வண்டி நின்றால் டீலர் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். கொலராடோ மாநிலம் 2023ல் பண்ணைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டமே போட்டது. அதே வருசம் மார்ச்சில், சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு, அந்தக் கருவிகளுக்குள் ஜிபிஎல் மென்பொருள் இருக்கிறது, விவசாயிகளுக்குச் சேரவேண்டிய மூல நிரலைக் கொடுங்கள் என்று ஜான் டீரிடம் பகிரங்கமாகக் கேட்டது. இதே அமைப்பு 2021ல் விசியோ என்ற டிவி கம்பெனி மீது கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டிருக்கிறது. எழுதியவராக இல்லை, கடையில் டிவி வாங்கியவராக! உரிமத்தால் பலன் பெறவேண்டியவர் நான், எனவே கேட்க எனக்கும் உரிமை உண்டு என்பது அவர்கள் வாதம்.

இனி நம் விதைக்கு வருகிறேன். ஜிபிஎல்லை அப்படியே விதைக்குப் போட்டுவிட முடியாது. எழுதிய உடனே காப்புரிமை தானாக வந்து உட்காருகிற மாதிரி விதைக்கு எதுவும் வராது. அந்த ஆணி இங்கே இல்லை. ஆசைப்பட்டவர்கள் இல்லாமலில்லை. டாம் மைக்கேல்ஸ் என்ற பீன்ஸ் ஆராய்ச்சியாளர் 1999லேயே விதைக்கு ஒரு ஜிபிஎல் வேண்டும் என்றார். நம் நாட்டு ஆய்வாளர் கிருஷ்ண ரவி ஸ்ரீநிவாஸ் 2002ல் பயோலினக்ஸ் என்று பேர் வைத்தே எழுதினார். அமெரிக்காவில் விஸ்கான்சினை மையமாக வைத்து ஓபன் சோர்ஸ் சீட் இனிஷியேட்டிவ் என்று ஒரு கூட்டம் கூடியது. வக்கீல்களோடு உட்கார்ந்து உரிமம் எழுதினார்கள். அது பக்கம் பக்கமாக நீண்டது. விதைப் பொட்டலத்தில் அச்சடிக்க இடமும் இல்லை, எந்த விவசாயி அதைப் படிப்பார்? கடைசியில் அதைத் தூக்கி வைத்துவிட்டு, 2014ல் சில வரி உறுதிமொழியோடு கேரட், பிராக்கோலி, கேல் விதைகளை வெளியிட்டார்கள். மனசாட்சிதான் காவல். ஜெர்மனியில் அக்ரிகால் என்ற அமைப்பு 2017ல் சட்ட ஒப்பந்தமாகவே ஒரு விதை உரிமம் எழுதி, சன்விவா என்ற தக்காளியை அதில் விட்டது. அந்தத் தக்காளிக்கும் அதன் வாரிசுகளுக்கும் யாரும் பேடன்ட், ரக உரிமை வாங்கக் கூடாது.

நம்மிடம் 2001ம் வருசச் சட்டம் இருக்கிறது: தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். பதிவான ரகமாகவே இருந்தாலும், வியாபாரப் பெயர் போட்டு விற்காதவரை, விதையை எடுத்துவைக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்க உழவருக்கு 39வது பிரிவு உரிமை தருகிறது. குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ 2019ல் ஆளுக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டுப் பின்வாங்கியது உங்களுக்குத் தெரியும். அடுத்தவர் நம் ரகத்தைப் பதிவுசெய்ய வந்தால் என்ன என்பதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. தாய் ரகத்தை எங்கிருந்து பெற்றார், அதில் எந்த ஊர் மக்களின் பங்கு இருக்கிறது என்று விண்ணப்பதாரர் சொல்லியாக வேண்டும். விண்ணப்பம் தாவர ரக இதழில் வெளியாகும். வெளியான மூன்று மாதத்துக்குள் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பதிவான பிறகும் ரத்து செய்யக் கேட்கலாம். கவிதா குருகந்தி அப்படிக் கேட்டதில்தான் 2021 டிசம்பரில் அந்த உருளைக்கிழங்கின் பதிவு ரத்தானது. பிறகு டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி அதை ஆதரித்ததும், 2024 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு மாற்றிச் சொன்னதும் தனிக்கதை.

ஆனால் ஆட்சேபம் சொல்லப் போகிறவர் கையில் என்ன இருக்கும்? இந்த இடத்தில்தான் நாம் ஹெல்விக் நின்ற இடத்தில் நிற்கிறோம். ஆயிரம் கை பட்ட விதை, எந்தக் கையும் எழுதிவைக்கவில்லை. திருவிழாவில் விதை கொடுக்கிறோம், பேரும் போன் நம்பரும் வாங்குகிறோம், அதுவும் 4 கிலோ திரும்பி வரவேண்டுமே என்பதற்காக. ரகம் எப்படி இருந்தது என்று ஒரு வரி கிடையாது.

அதனால் பழைய பேரேட்டு வேலையைத் திரும்ப எடுத்தேன். ஒரு நீளநோட்டு. ரகத்தின் பெயர், யாரிடமிருந்து எந்த வருசம் வந்தது, அவருக்கு யார் கொடுத்தது, எந்த மண், விதைத்த தேதி, கதிர் வந்த தேதி, அறுத்த தேதி, உயரம், உமி நிறம், அரிசி நிறம், மீசை உண்டா. கதிரோடு ஒரு போட்டோ, ஒரு பிடி நெல் பாட்டிலில். யாருக்குக் கொடுத்தேன், எவ்வளவு, இரண்டு பேர் கையெழுத்து. கொடுக்கும்போது ஒரு சின்னச் சீட்டும் போடுகிறேன்: இந்த விதையையோ இதிலிருந்து நீங்கள் உருவாக்குவதையோ யாரும் தடுக்கும்படி பதிவு செய்யக் கூடாது, அடுத்தவருக்குக் கொடுத்தால் இதே சீட்டையும் கொடுக்க வேண்டும்.

வக்கீல் நண்பர் ஒருவரிடம் சீட்டைக் காட்டினேன். "இது உனக்கும் வாங்குறவருக்கும் நடுவுல ஒப்பந்தம். மூணாவது ஆளைக் கட்டுமான்னு கேட்டா கஷ்டம்தான்" என்றார். நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் புரட்டினார். "இதுதான் வேணும். இந்த ரகம் இன்ன வருசத்திலிருந்து இன்ன ஊர்கள்ல நடமாட்டத்துல இருக்குன்னு காட்ட, தேதியோட கையெழுத்து. ஆனா உன் ஒருத்தன் நோட்டு போதாது. பத்து ஊர்ல பத்து நோட்டு இருக்கணும்" என்றார். தாவர ரக இதழை வாங்கிப் படித்து, நெல் விண்ணப்பம் வந்தால் சொல்லும் வேலையை எங்கள் குழுவில் ஆளுக்கு ஒரு மாதம் என்று பிரித்துக்கொண்டோம். முதல் இரண்டு மாதம் யாரும் படிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் போட்டு, படித்தேன் என்று பதில் போட்டாக வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

இந்த வருசத் திருவிழாவுக்கு அந்தப் பெரியவர் வந்தார். சாக்கில் 4 கிலோ காட்டுயானம், நன்றாகத் தூற்றிக் காயவைத்தது. அவர் பக்கத்தைத் திறந்து வைத்து, போன வருசத்துக் கேள்விக்கு இதுதான் ஐயா என் பதில் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

"180 நாள்னு எழுதியிருக்கே. எனக்கு 172ல அறுப்புக்கு வந்துருச்சு. மேட்டு நிலம். அதை எழுது."

எழுதினேன். உயரம் கேட்டேன், தன் கழுத்தளவைக் கைகாட்டி, அதற்கு மேல் ஒரு முழம் என்றார். அதையும் எழுதினேன். அவர் அனுபவத்தில் விதை அவருக்கு முந்தி யாரிடமும் இருந்ததா என்று கேட்டதற்கு, அப்பா காலத்தில் ஏரிக்கரை வயலில் இதைப் போட்டிருக்கிறார் என்று ஊர்ப் பேரோடு சொன்னார். கையெழுத்துப் போட்டார். சாட்சிக்குப் பக்கத்து மேசைக்காரர் போட்டார்.

"இதுல ஒரு நகல் எடுத்து எனக்கும் குடு தம்பி. எங்க ஊர்ல ஒரு நோட்டு ஆரம்பிக்கணும்."